எச்சரிக்கையை அடக்கலாமா?
ஒரு திறமூல மென்பொருளின் ஒரு பக்கத்தைப் பற்றிய விமரிசனம்

வாசகர்களே, உங்கள் கைப்பேசியை எடுத்து ‘நாமகிரிப்பேட்டை’ என்று தட்டிப் பாருங்கள். ராசிபுரத்தை அடுத்து, கொல்லிமலைப் பக்கம், மஞ்சளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. நாம் எண்ணினால் அந்தப் பெயரில் எட்டு எழுத்துகள் இருக்கின்றன: நா, ம, கி, ரி, ப், பே, ட், டை. கணிப்பொறியின் கணக்கோ வேறு. உயிர்மெய்யை மெய்யுருவாகவும் உயிர்க்குறியாகவும் அது பிரித்து வைத்துக்கொள்கிறது. புள்ளியையும் தனியாகவே எண்ணுகிறது. ஆகவே அதற்கு நாமகிரிப்பேட்டை என்பது 15 யூனிகோடு எண்கள். பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ஆக மொத்தம் 45 பைட்டுகள்.

இன்னொரு விந்தையும் உண்டு. ‘பே’ என்பதை நாம் எழுதும்போது இரட்டைக் கொம்பு முன்னே நிற்கிறது, பகரம் பின்னே வருகிறது. நினைவகத்திலோ பகரம் முன், கொம்பு பின். ‘டை’யின் சங்கிலிக் கொம்புக்கும் அதே கதைதான். திரையில் தோன்றுவதற்குமுன் யாரோ ஒருவர் இவற்றை இடம் மாற்றி வைக்க வேண்டும். ஆண்டிராய்டு கைப்பேசிகளிலும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும், லிப்ரே ஆஃபீஸிலும் இந்த வேலையைச் செய்வது ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் திறமூல மென்பொருள். பாரசீக மொழியில் ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து, ‘பாஸ்’ என்றால் திறந்தது. ‘ஓப்பன்டைப்’ என்ற எழுத்துரு முறையின் பெயரைத்தான் இப்படிப் பாரசீகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இதை உருவாக்குவதில் முதன்மையானவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். தமிழ் படிக்கிற கோடிக்கணக்கானோர் தினமும் இதன் கைவண்ணத்தைப் பார்க்கிறார்கள். பெயரைக் கேட்டவர்களோ மிகச் சிலர்.

இந்த மென்பொருள் முழுவதையும் இங்கே விமரிசிக்கப் போவதில்லை. அதன் மூலநிரலில் ஒரு தலைப்புக் கோப்பு இருக்கிறது. அதில் ஏறக்குறைய ஒரு பக்க அளவுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. நிரல்பெயர்ப்பி தரும் எச்சரிக்கைகளை எப்படி நடத்துவது என்று சொல்லும் பட்டியல் அது. அந்த ஒரு பக்கத்தைத்தான் எடைபோட்டுப் பார்க்கப் போகிறோம். ‘இதற்கென்ன விமரிசனம்?’ என்று கேட்கிறீர்களா? தமிழ் எழுத்தின் நலம் இதில் அடங்கியிருக்கிறது என்பது காரணம். எப்படி என்று பார்ப்போம்.

பிழை வேறு, எச்சரிக்கை வேறு

நிரல்பெயர்ப்பி, அதாவது ‘கம்பைலர்’, நாம் எழுதும் நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது என்பதைப் பதினோராம் வகுப்பில் சி++ படித்தவர்கள் அறிவார்கள். இலக்கணம் தவறினால் அது ‘பிழை’ என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். இலக்கணம் சரியாக இருந்து, பொருள்தான் ஐயத்துக்கு இடமாக இருக்கிறது என்றால், ‘எச்சரிக்கை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். நிரலும் ஓடும். ஓடுகிறதே என்று நாமும் அந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடுவோம்.

ஆரம்ப நாள்களில் இந்த இரண்டு வேலைகளும் தனித்தனியாக இருந்தன. சி மொழி பிறந்த பெல் ஆய்வுக்கூடத்தில் 1970களில் ஸ்டீபன் ஜான்சன் ‘லின்ட்’ என்ற கருவியை எழுதினார். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. நிரல்பெயர்ப்பி மொழிபெயர்க்கும், லின்ட் தூசி பார்க்கும். ஒரு கணிப்பொறியில் எழுதியது இன்னொன்றில் தகராறு செய்யுமா என்று சோதிப்பதும் லின்ட்டின் கடமைகளில் ஒன்று. 1987ல் வெளிவந்த ஜி.சி.சி., அதற்குப் பின் வந்த கிளாங் போன்ற இன்றைய நிரல்பெயர்ப்பிகள் தூசி பார்க்கும் வேலையையும் தாமே செய்கின்றன.

ஒரு சிறு சோதனை

நாமகிரிப்பேட்டை என்ற பெயரில் எத்தனை யூனிகோடு எண்கள் உள்ளன என்று எண்ணும் நிரல் ஒன்றை எழுதிப் பார்ப்போம். இதற்கு எளிய வழி இருக்கிறது. தமிழுக்குரிய யூனிகோடு அட்டவணையில் உள்ள எந்த எழுத்தை எடுத்தாலும், யுடிஎஃப்-8 முறையில் அதன் முதல் பைட்டு 224தான். அடுத்த இரண்டும் 128 முதல் 191 வரையே இருக்கும். ஆகவே பைட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது 224ஆ?’ என்று கேட்டு, ஆம் என்றால் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். விடை 15 வர வேண்டும்.

பைட்டை வைத்துக்கொள்ள சி மொழியில் ‘சார்’ என்ற மாறி வகை உண்டு. அந்த வகையைப் பயன்படுத்தி இந்த நிரலை, இன்டெல் செயலியும் லினக்ஸும் உள்ள மடிக்கணினியில் ஓட்டினால் வரும் விடை பூஜ்யம்! அதே நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் ராஸ்பெரி பை என்ற சிறு கணிப்பொறியில், அதுவும் லினக்ஸில்தான், ஓட்டினால் விடை 15.

இது என்ன மாயம்? மாயம் ஒன்றுமில்லை. ‘சார்’ வகைக்குக் கழித்தல் குறி உண்டா இல்லையா என்பதை சி மொழி முடிவு செய்யாமல் விட்டிருக்கிறது. இன்டெல் வகைச் செயலிகளில் வழக்கமாக அது குறியுள்ளது. −128 முதல் 127 வரை கொள்ளும். 224 என்ற பைட்டு அங்கே −32 ஆகத் தோன்றும். −32 ஒருநாளும் 224க்குச் சமமாகாது. ராஸ்பெரி பையில் இருப்பது ஆர்ம் வகைச் செயலி. அங்கே லினக்ஸிலும், ஆண்டிராய்டு கைப்பேசியிலும் ‘சார்’ குறியற்றது; 0 முதல் 255 வரை கொள்ளும். ஆகவே 224 அங்கே 224தான். ஆர்ம் என்றாலே குறியற்றது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஆப்பிள் நிறுவனத்தின் ஆர்ம் கணிப்பொறிகளில் ‘சார்’ குறியுள்ளது.

இப்போது நிரல்பெயர்ப்பிகள் என்ன சொல்லின என்று கவனியுங்கள். மடிக்கணினியில் கிளாங் எதுவும் கேட்காமலே, ‘இந்த ஒப்பீடு எப்போதும் பொய்’ என்று எச்சரித்துவிட்டது. ஜி.சி.சி.யோ மௌனம் சாதித்தது. ‘டபிள்யூ-ஆல்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் எல்லா எச்சரிக்கைகளும் வரும் என்று பலர் நம்புகிறார்கள். ‘ஆல்’ என்றால் எல்லாம் என்றுதானே பொருள்! அதைக் கொடுத்தும் மௌனம்தான். ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’ என்று கூடுதலாகக் கேட்ட பிறகே வாயைத் திறந்தது. ‘எல்லாம்’ என்று பெயர் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் தராமல், மீதிக்குக் ‘கூடுதல்’ என்று இன்னொரு பெயர் வைத்தது பொருத்தமற்ற பெயரீடு. மாணவர்களை இது ஏமாற்றுகிறது. ராஸ்பெரி பையிலோ இரண்டும் மௌனம். அங்கே நிரல் சரியாகவே ஓடுவதால் அந்த மௌனம் நியாயமே.

இனி, நம்முடைய வாதத்தின் மையத்துக்கு வருவோம். இதே நிரலை ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் சோதித்தால் என்ன ஆகும்? ஆங்கில எழுத்துகளின் பைட்டுகள் யாவும் 127க்கு உட்பட்டவை. குறியுள்ளதோ குறியற்றதோ, அவருக்கு எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே விடைதான் கிடைக்கும். குறை இருப்பதே தெரியாது. தமிழ் எழுத்தின் பைட்டுகளோ மூன்றும் 127க்கு மேல். எங்கோ ஒரு நாட்டில், தமிழே அறியாத ஒருவர் தம் அறையில் உட்கார்ந்து நிரல் எழுதும்போது, ‘இது தமிழுக்கு உதவாது’ என்று அவர் காதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? நிரல்பெயர்ப்பியின் எச்சரிக்கை ஒன்றுதான் இருக்கிறது. தமிழ் என்ற பெயரை அது சொல்லாது. ஆனால் தமிழுக்காகத்தான் பேசுகிறது. அந்தக் குரலை அடக்கினால் நட்டம் அவருக்கில்லை, நமக்கு.

வாயை மூடும் வழிகள்

எச்சரிக்கையை ஒழிக்கப் பல குறுக்கு வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. நம்முடைய சிறு நிரலையே எடுத்துக்கொள்வோம். 224 என்று எழுதியதை −32 என்று மாற்றினால் மடிக்கணினியில் எச்சரிக்கையும் மறையும், விடையும் 15 ஆகிவிடும். வெற்றி என்று அந்தத் திருத்தத்தை உலகத்துக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அது கைப்பேசிக்குப் போனதும் என்ன ஆகும்? அங்கே ‘சார்’ குறியற்றது. −32 என்ற எண் அங்கே வரவே வராது. நேற்றுவரை 15 என்று சொன்ன கைப்பேசி இன்று பூஜ்யம் என்று சொல்லும். ‘எப்போதும் பொய்’ என்ற எச்சரிக்கை இப்போது அந்தப் பக்கம் எழும்பும். குறை தீரவில்லை; இந்த வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளினோம், அவ்வளவே.

‘எல்லா சாரையும் குறியற்றதாகக் கொள்’ என்று ஜி.சி.சி.க்கு ஒரு கட்டளை கொடுக்கலாம். வேலை நடக்கும். ஆனால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் நிரல்பெயர்ப்பியில் அதற்கான கட்டளை வேறு. நிரலை எடுத்துச் செல்பவர் கட்டளையை எடுத்துச் செல்ல மறந்தால் பழைய கதைதான். சரியான மருந்து ஒன்றே: மாறியை அறிவிக்கும்போதே ‘குறியற்ற சார்’ என்று எழுதிவிடுவது. அப்போது எந்தக் கணிப்பொறியிலும் 224 என்பது 224. ஒரே ஒரு சொல்லைக் கூட்டினால் போதும். ஆனால் எந்தச் சொல் என்று தெரிய, எச்சரிக்கை எதனால் வந்தது என்பது முதலில் புரிந்திருக்க வேண்டும்.

புரியாமல் அடக்கியதன் விளைவுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2006ல் டெபியன் லினக்ஸில், ரகசியக் குறியீட்டுக்கான ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்ற மென்பொருளைப் பொறுத்தவரை, நினைவகச் சோதனைக் கருவி ஓர் எச்சரிக்கை தந்தது. மதிப்பு இடப்படாத நினைவகம் படிக்கப்படுகிறது என்பது அதன் புகார். புகாரை ஒழிக்க இரண்டு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. எச்சரிக்கை மறைந்தது. ஆனால் அவற்றில் ஒரு வரிதான் ரகசியத் திறவுகோலுக்கு வேண்டிய தற்செயல் எண்களையெல்லாம் கலந்து தந்துகொண்டிருந்தது! அது போனபின், ஓடும் நிரலுக்கு இயங்குதளம் இடும் வரிசை எண் ஒன்றே மிஞ்சியது. எண்ணி முடிக்க முடியாத அளவு திறவுகோல்கள் பிறக்க வேண்டிய இடத்தில், ஒரு வகைக்குச் சுமார் 32,000 மட்டுமே பிறந்தன. 2008 மே மாதத்தில் இது வெளிப்பட்டபோது, அதுவரை உண்டான திறவுகோல்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவை செய்ய வேண்டியதாயிற்று. சென்னை சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு ‘பாஸ்’ லினக்ஸும் டெபியன் வழிவந்ததே என்பதை நினைத்தால், இது யாருக்கோ எங்கோ நடந்த கதை என்று ஒதுக்க முடியாது. எச்சரித்த கருவி மேல் குற்றமில்லை. எச்சரிக்கையின் காரணத்தை முழுதாக ஆராயாமல் அதன் ஓசையை மட்டும் நிறுத்தியதுதான் குற்றம்.

இதற்கு நேர் எதிரான வழியும் ஒன்று இருக்கிறது. ‘எந்த எச்சரிக்கை வந்தாலும் அதைப் பிழையாகவே கொண்டு நிறுத்திவிடு’ என்று ஆணையிடுவது. கேட்பதற்குக் கண்டிப்பான நல்லொழுக்கம் போல் தோன்றும். எழுதுபவரின் கணிப்பொறியில் அது நல்லதும்கூட. ஆனால் திறமூல மென்பொருளை உலகெங்கும் பலர் பலவகைக் கணிப்பொறிகளில் தொகுக்கிறார்கள். நிரல்பெயர்ப்பியின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் புதிய எச்சரிக்கைகளைக் கற்றுக்கொண்டு வருகிறது. சென்ற ஆண்டு தொகுக்க முடிந்த நிரல், ஓர் எழுத்தும் மாறாமல், இந்த ஆண்டு தொகுக்க முடியாமல் போகிறது. ஜி.சி.சி.யே 2024ல் தன் பதினான்காம் பதிப்பில், சி மொழியின் பழைய எச்சரிக்கைகள் சிலவற்றைப் பிழைகளாக உயர்த்தியது. அறிவிக்காமலே ஒரு சார்பை அழைப்பது அவற்றில் ஒன்று. பல ஆண்டுகளாக எச்சரிக்கையைப் படிக்காமல் விட்ட பழைய நிரல்கள் பலவும் ஒரே நாளில் நின்றுபோயின. தவறு நிரலில் இருந்தது உண்மை. ஆனால் அதற்கான தண்டனையை அனுபவித்தவர் எழுதியவர் அல்லர், தொகுக்க முயன்றவர்.

மஞ்சள் குவியலும் எச்சரிக்கைக் குவியலும்

முழுதாக அடக்குவதும் தவறு, முழுதாக நிறுத்துவதும் தவறு என்றால் என்னதான் செய்வது? விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். நாமகிரிப்பேட்டையில் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் மஞ்சள் ஏலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வந்த மஞ்சளை எல்லாம் ஒரே குவியலாகக் கொட்டி விலை கூறுவதில்லை. விரலி தனி, உருண்டை தனி, பனங்காளி தனி. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விலை. வாங்க வருபவர் ஒரு பிடி எடுத்து, ஒடித்துப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, பிறகுதான் விலை சொல்கிறார். தரம் பிரிக்காத இடத்தில் நியாயமான விலைக்கு வழியில்லை.

நாம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்ட ஹார்ஃப்பஸின் பட்டியல் செய்வதும் இதுவே. எச்சரிக்கைகளை அது நான்கு குவியல்களாகப் பிரிக்கிறது. முதலாவது, ஒருபோதும் நிகழக் கூடாதவை. இவை வந்தால் தொகுப்பு நின்றுவிடும். இரண்டாவது, வந்தால் ஆராய்ந்து பார்க்க வேண்டியவை. இவை எச்சரிக்கையாகவே இருக்கும். மூன்றாவது, இப்போதைக்கு அடக்கி வைத்திருப்பவை, ஆனால் ஒருநாள் சரிசெய்தே ஆக வேண்டியவை. நான்காவது, தெரிந்தே, வேண்டுமென்றே அடக்கப்பட்டவை.

இந்தப் பகுப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. முதல் சிறப்பு, இது நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பது. தொகுப்பவர் என்ன கட்டளை கொடுக்கிறார் என்பதை நம்பி இது இல்லை. மூலநிரல் எங்கே போனாலும் பட்டியலும் கூடவே போகிறது. இரண்டாவது சிறப்பு, தொகுப்பவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பது. புதிய நிரல்பெயர்ப்பி ஏதோ ஒன்றைப் பிழை என்று சொல்லித் தொகுப்பை நிறுத்தினால், ஒரே ஒரு பெயரை வரையறுத்துவிட்டு அந்தக் கண்டிப்பைத் தளர்த்திக்கொள்ளலாம். எழுதுபவருக்குக் கண்டிப்பு, எடுத்துச் செல்பவருக்குச் சலுகை: இரண்டும் கிடைக்கின்றன. மூன்றாவது, எல்லாவற்றிலும் மேலானது, அந்த மூன்றாம் குவியல். அது ஒரு கடன் ஏடு. ‘இவையெல்லாம் எங்கள் குறைகள், இன்னும் தீர்க்கவில்லை’ என்று உலகம் பார்க்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். கடனை மறைப்பவனைவிட ஏட்டில் எழுதி வைப்பவன் நாணயமானவன் அல்லவா?

குறைகள்

இனிக் குறைகளையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இது விமரிசனமாகாது.

முதற் குறை, அந்தக் கடன் ஏட்டில் தவணை இல்லை. எந்த ஆண்டுக்குள் தீர்ப்பது, யார் பொறுப்பு என்ற குறிப்பு பட்டியலில் கிடையாது. ‘ஒருநாள்’ என்பது காலண்டரில் இல்லாத நாள்.

இரண்டாவது, அந்தக் குவியலில் கிடப்பவற்றுள் ஒன்று, எண் வகை மாறும்போது மதிப்பு குறையலாம் என்று சொல்லும் எச்சரிக்கை. இதன் தன்மையை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 16 பிட்டு அகலமுள்ள குறியற்ற மாறி 65,535 வரைதான் கொள்ளும். அதில் 70,000த்தைப் போட்டால் 65,536 உதிர்ந்துபோய் 4,464 மட்டும் நிற்கும். கணிப்பொறி முனகவும் முனகாது. எழுத்துரு என்பது 16 பிட்டு எண்களால் நிறைந்த கோப்பு. அந்தக் கோப்பு நம்பிக்கையானவரிடமிருந்துதான் வரும் என்பதில்லை. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் முன்பின் தெரியாதவருடைய எழுத்துருவும் கூடவே இறங்குகிறது. தீய எண்ணத்துடன் எண்களைத் திரித்து வைத்த எழுத்துருவும் வரலாம். இப்படிப்பட்ட இடத்தில், எண் உதிர்வதைச் சொல்லும் குரல் அடங்கிக் கிடப்பது கவலைக்குரியது.

இதற்கு அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. இந்த எச்சரிக்கையைத் திறந்துவிட்டால் ஆபத்தற்ற இடங்களிலும் அது சரமாரியாகப் பொழியும். பொழிவில் முக்கியமான ஒன்று மூழ்கிப்போகும். ஹார்ஃப்பஸ், எழுத்துருவின் அட்டவணைகளைப் பயன்படுத்துமுன் அவற்றின் எல்லைகளைச் சரிபார்க்கும் தனி ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கூகுள் நிறுவனம் 2016ல் தொடங்கிய ‘ஓ.எஸ்.எஸ்.-ஃபஸ்’ என்ற சோதனைத் திட்டத்திலும் அது இருக்கிறது. தாறுமாறாகத் திரித்த கோப்புகளை இடைவிடாது ஊட்டி, நிரல் எங்கே இடறுகிறது என்று பார்க்கும் திட்டம் அது. ஆகவே ஒரு காவலாளியை உறங்க விட்டிருக்கிறார்கள் என்றாலும், வேறு காவலாளிகள் விழித்திருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டுக் குறை மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஆனாலும், ஊட்டிப் பார்க்கும் சோதனை ஊட்டிய கோப்புகளில் மட்டுமே குறை காணும்; நிரல்பெயர்ப்பியோ நிரலின் ஒவ்வொரு வரியையும் படிக்கிறது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று நிற்க முடியாது.

மூன்றாவது குறைதான் பெரியது. வேண்டுமென்றே அடக்கிய நான்காம் குவியலில் ஓரிரு வரிகளுக்குப் பக்கத்தில் மட்டும் காரணம் எழுதியிருக்கிறது, மற்றவற்றுக்கு இல்லை. ‘அடக்கினோம்’ என்பது தெரிகிறது. ‘ஏன்’ என்பது தெரியவில்லை. இது ஏன் பெரிய குறை என்பதற்கு ஒரு விண்வெளி உதாரணம் சொல்லலாம். 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் அரியேன்-5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பிச் சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. 64 பிட்டு எண் ஒன்றை 16 பிட்டு எண்ணாக மாற்றும்போது மதிப்பு கொள்ளாமல் போனதே தொடக்கம். அந்த நிரல் முந்தைய அரியேன்-4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. அதில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வராது என்ற காரணத்தால் பாதுகாப்புச் சோதனையை வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். காரணம் அன்று சரியானதே. ராக்கெட் மாறியபோது காரணம் செத்துவிட்டது. விலக்கு மட்டும் உயிரோடு இருந்தது.

மென்பொருளை இன்டெல்லிலிருந்து ஆர்முக்கும், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கும் கொண்டு செல்வதும் ராக்கெட் மாற்றுவது போலத்தான். 64 பிட்டு லினக்ஸில் ‘லாங்’ என்ற வகை 8 பைட்டு. 64 பிட்டு விண்டோஸில் அதே ‘லாங்’ 4 பைட்டு. ‘இதில் கொள்ளும்’ என்று லினக்ஸில் நினைத்தது விண்டோஸில் கொள்ளாமல் போகலாம். ஆகவே ஓர் எச்சரிக்கையை அடக்கும்போது, என்ன காரணத்தால், எந்தக் கணிப்பொறியை மனத்தில் வைத்து அடக்கினோம் என்று எழுதி வைத்தால்தான் பின்னால் வருபவர், ‘அந்தக் காரணம் இங்கே செல்லுமா?’ என்று கேட்க முடியும்.

நான்காவதாக ஒன்று, இதைக் குறை என்பதைவிட வரம்பு எனலாம். இந்தப் பட்டியல் ஜி.சி.சி.க்கும் கிளாங்குக்கும் புரியும் நடையில் எழுதப்பட்டது. மைக்ரோசாஃப்ட்டின் நிரல்பெயர்ப்பிக்கு இந்த நடை தெரியாது. அது எச்சரிக்கைகளைப் பெயர் சொல்லி அழைக்காமல் எண் போட்டு அழைக்கிறது. ஒருவர் ‘எப்போதும் பொய்’ என்பதை இன்னொருவர் வேறு விதமாகச் சொல்கிறார், மூன்றாமவர் சொல்லாமலே விடுகிறார். எல்லா நிரல்பெயர்ப்பிகளுக்கும் பொதுவான எச்சரிக்கைப் பெயர்கள் இன்றுவரை இல்லாதது இந்தத் துறைக்கே உரிய குறை; ஹார்ஃப்பஸை மட்டும் இதற்குப் பொறுப்பாக்க முடியாது.

நாம் செய்யக் கூடியது

ஆக, நம்முடைய முடிவு இதுதான். ஹார்ஃப்பஸின் அந்த ஒரு பக்கம் பின்பற்றத்தக்க முன்மாதிரி. நான்கு குவியல்களோடு ஐந்தாவதாக ஒன்றைக் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு காரணத்தைக் கூட்டினால் போதும். அது நிறைவுபெறும்.

நீங்கள் நிரல் எழுதுபவராக இருந்தால், ‘எல்லாம்’ என்ற கட்டளையோடு நிற்காமல் ‘கூடுதல்’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முடிந்தால் ஜி.சி.சி., கிளாங் இரண்டிலும் தொகுத்துப் பாருங்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். ஒருவரிடம் மடிக்கணினியும் இன்னொருவரிடம் ராஸ்பெரி பையும் இருந்தால் நிரலை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் அதை வகைமாற்றம் என்ற போர்வையால் மூடுவதற்குமுன், எந்த மதிப்பு, எந்தக் கணிப்பொறியில், எப்படி மாறுகிறது என்று தாளில் எழுதிப் பாருங்கள். நம்முடைய 224, −32 கணக்கு உங்களுக்கு வழிகாட்டும்.

பிறர் எழுதிய திறமூல மென்பொருளைத் தொகுக்கும்போது எச்சரிக்கை கண்டால், ‘எச்சரிக்கையை நீக்கிவிட்டேன்’ என்று ஒரு திருத்தத்தை அனுப்பிவிடாதீர்கள். எந்தச் செயலி, எந்த இயங்குதளம், எந்த நிரல்பெயர்ப்பி, எத்தனையாவது பதிப்பு என்பதை எழுதுங்கள். எச்சரிக்கையின் வாசகத்தை அப்படியே கொடுங்கள். கூடவே தமிழில் ஒரு சோதனைச் சொல்லையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தச் சொல் அவர்களுடைய சோதனைத் தொகுப்பில் இடம்பெற்றுவிட்டால், அதன்பின் நிரலில் யார் எந்த மாற்றம் செய்தாலும் தமிழ் ஒருமுறை சரிபார்க்கப்படும். நிரல்பெயர்ப்பி மறைமுகமாகச் சொன்னதை அந்தச் சொல் நேருக்கு நேர் சொல்லிவிடும்.

எந்தச் சொல்லை அனுப்புவது என்று யோசிக்க வேண்டாம். எட்டு எழுத்து, 15 எண்கள், 45 பைட்டுகள், இடம் மாற வேண்டிய கொம்புகள் இரண்டு, புள்ளிகள் இரண்டு: நாமகிரிப்பேட்டை என்ற பெயரே போதும்.